எட்டடிக்கு மூன்று அங்குலம்

கல்கத்தா பாக்மாரியில் பவதோஷ் லாஹாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். நானும் அந்த ரகம்தான். எங்கள் அப்பாவின் பழைய வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஐந்து மாடி எழுப்பி, அதில் எனக்கு இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் கொடுத்தவர் அவர். அடைமழையில் ஒழுகாத கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்த மனிதரைத் திட்டுவதில் ஒரு தனி சுகம் இருந்தது.

ஊருக்கு அவர் பவோதா, அதாவது பவோ அண்ணன். ஆள் குள்ளம். தினமும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான். பேனா இருக்க வேண்டிய பையில் இரும்பு டேப் ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். பதினான்கு வயதில் தாய்மாமனிடம் சித்தாளாகச் சேர்ந்து செங்கல் சுமந்தவர். ஐம்பத்தெட்டு வயதுக்குள் கால்வாயிலிருந்து மாணிக்தலா வரை முப்பத்தொரு கட்டடம் எழுப்பிவிட்டார். தெருவில் நடக்கும்போது மனிதர்களைப் பார்க்கமாட்டார், ஜன்னல்களைப் பார்ப்பார். "அந்த லிண்டல் அரை அங்குலம் சாய்ஞ்சிருக்குடா ஷிபு" என்பார் என்னிடம். பிறகு ஓர் ஆளை அனுப்பி அளந்து பார்த்தால் அரை அங்குலம்தான் சாய்ந்திருக்கும். தட்டில் லூச்சி, எங்கள் ஊர் மைதா பூரி, சரியான வட்டமாக இல்லாவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடும் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் ஸ்கொயர் ஃபீட் திருடன்.

அதற்குக் காரணம் சான்யால் மாஸ்டர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறார். குடிவந்த அன்றைக்குப் பால் காய்ச்சும் முன்பே துணி டேப்பை எடுத்து பால்கனியை அளந்தார். நான்கு அங்குலம் குறைந்தது. லாஹா வந்து, "மாஸ்டர் மஷாய், அது சுவர்ப் பூச்சு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம். பத்திரத்துலயே எழுதியிருக்கு" என்றார். மாஸ்டர் கேட்கவில்லை. மீன் மார்க்கெட்டில், டீக்கடையில், துர்கா பூஜை பந்தலில், போகிற இடமெல்லாம் அந்த நான்கு அங்குலத்தைத் தூக்கிக்கொண்டு போனார். படித்தவர் சொன்னால் ஊர் நம்பாமல் இருக்குமா?

லாஹா எங்கள் பாக்மாரி யுவக் சங்கத்தை எடுத்துக்கொண்டபோது நிலைமை இன்னும் மோசமானது. அப்போதே ஐம்பத்துமூன்று வருஷத்துக் கால்பந்துக் கிளப். ஒரு தடவைகூட லீக்கின் மேல் டிவிஷனைப் பார்த்ததில்லை. ஜெர்சி வாங்க ஆள் இல்லாமல், பையன்கள் பனியனில் எண் எழுதிக்கொண்டு ஆடிய வருஷங்களும் உண்டு. லாஹா வந்து பயிற்சியாளரைப் போட்டார், ஆட்டக்காரர்களைச் சேர்த்தார், அவர்கள் தங்க இரண்டு ஃபிளாட்டை ஒதுக்கினார். ஊர் என்ன சொன்னது? "மைதானத்தை முழுங்க வந்துட்டான்" என்றது.

முதல் நாள் அவர் பழக்கதோஷத்தில் மைதானத்தின் ஓரத்தில் நின்று டேப்பை இழுத்தார். உடனே கேலரியிலிருந்து ஒரு குரல்: "பவோதா, லிஃப்ட் எந்த கோலுக்குப் பக்கத்துல வருது?" கேலரி முழுக்கச் சிரித்தது. அவர் முகம் சிவந்துபோய் டேப்பைச் சட்டென்று உள்ளே விட்டார். அன்றே ஒரு முடிவு எடுத்தார்: கிளப் மைதானத்துக்குள் இனி டேப்பைத் தொடுவதில்லை. ஒன்பது வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் வித்து.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். பைசாக் முதல் தேதி, எங்கள் வருஷப் பிறப்பன்று, கல்கத்தாவில் கிளப்புக்குக் கிளப் பார் பூஜை நடக்கும். கோலின் மேல் கம்பமான பாரைக் கழற்றி இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்க வைத்து, சிந்தூரம் தடவி, மாலை போட்டு, புரோகிதர் மந்திரம் சொல்ல, கேப்டன் அதன் மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பான். பூஜை முடிந்ததும் தூக்கி மாட்டிவிட்டு எல்லோரும் லூச்சியும் உருளைக்கிழங்கு ஆலுர் தமும் சாப்பிடுவோம். எங்கள் கிளப்பில் மட்டும் ஒரு கூடுதல் பிடிவாதம். எண்பத்தேழாம் வருஷம் சீசன் நடுவில் ஆணி கழன்றுவிட்டதென்று கால்வாய்ப் பக்கத்துப் பாரை இறக்கினார்கள். அதற்குப் பிறகு வரிசையாக ஆறு ஆட்டம் தோல்வி. அதிலிருந்து, பூஜை போட்ட பாரைக் கடைசி ஆட்டம் முடியும்வரை எவனும் தொடக்கூடாது. படித்தவன், படிக்காதவன், கம்யூனிஸ்ட் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் இதில் நம்பிக்கை.

லாஹா கிளப்புக்கு வந்த ஒன்பதாம் வருஷம், ஜூலையில் மழை கொட்டியது. கால்வாய்ப் பக்கத்து கோல் வாய் குளமாகி, நாய்கள் நீந்தின. லாஹா அப்போது பூரியில் இருந்தார், மாமியார் காரியத்துக்கு. அங்கிருந்தே போன் போட்டு, இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டின் செங்கல் ஜல்லியையும் மணலையும் மூன்று லாரியில் அனுப்பினார். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலி தீனபந்து, ஒடியாக்காரன், அசுரத்தனமாக உழைக்கிறவன், எல்லாவற்றையும் கொட்டி, இடித்து, உருளை ஓட்டி, மேலே புல் பதித்தான். குளம் இருந்த இடம் மெத்தை மாதிரி ஆனது. நாங்கள் தீனாவைத் தட்டிக்கொடுத்தோம். புல் பிடிக்கட்டும் என்று மீதி ஆட்டங்களை எல்லாம் வெளி மைதானங்களில் ஆடினோம். தரை உயர்ந்தால் அதற்கு மேலே பாரும் உயர வேண்டுமே என்று ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டோம், பூஜை போட்ட பார் அல்லவா.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். எதிரணி உல்டாடாங்கா மித்ர சபை. அதன் செயலாளர் யாரென்று நினைக்கிறீர்கள்? எங்கள் சான்யால் மாஸ்டரேதான். பிறந்த பேட்டை உல்டாடாங்கா என்பதால் இருபது வருஷமாக அந்தப் பதவியில் இருக்கிறார். புள்ளிக் கணக்கு எளிமையானது. ஆட்டம் டிராவானாலே நாங்கள் மேல் டிவிஷனுக்குப் போவோம். அவர்கள் ஜெயித்தால் அவர்கள் போவார்கள்.

செப்டம்பர் மாதம், மதியம் மூன்று மணி, தூறல். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் லாஹாவின் புதிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அன்று அங்கே வேலையை நிறுத்திவிட்டு, முர்ஷிதாபாத்காரன் நஸிபுல் மேஸ்திரி தன் நாற்பது ஆட்களோடு வந்து சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டான். கேலரியில் பொரியும் பஜ்ஜி மாதிரியான தெலேபாஜாவும் பறந்தன. நான் மைக் பிடிக்கிறவன். முப்பது வருஷமாக எங்கள் மைதானத்தில் என் குரல்தான். நடுவர் குடையைப் பிடித்துக்கொண்டு வலையை இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

மாஸ்டர் கறுப்புக் குடையோடு கோட்டோரம் வந்து நின்றார். "லாஹா! இன்னிக்கு ஆட்டம் தொண்ணூறு நிமிஷமா, இல்ல பூச்சு போக எண்பத்தஞ்சா?"

உல்டாடாங்கா கேலரி ஆர்ப்பரித்தது. லாஹா சிரிக்க முயன்றார், வரவில்லை.

முதல் பாதியில் நாங்கள் கால்வாய்ப் பக்கம் தாக்கினோம். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் லக்கிராம் ஹேம்ப்ரம், ஜாட்கிராம் பக்கத்துச் சந்தால் பையன், எம்பினால் இரண்டாள் உயரம். முப்பத்தெட்டாவது நிமிஷம் வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது. லக்கிராம் எம்பித் தலையால் அடித்தான். எதிரணி கோல்கீப்பர் அசையக்கூட இல்லை. நான் மைக்கில் "கோ..." என்று ஆரம்பித்துவிட்டேன். பந்து பாரில் டங்கென்று பட்டு வெளியே தெறித்தது. மைதானம் முழுக்கத் தலையில் கை வைத்தது.

லாஹா மட்டும் தலையில் கை வைக்கவில்லை. எழுந்து நின்று அந்த கோலையே பார்த்தார். பிறகு திரும்பி எதிரே ரயில் பாதைப் பக்கம் இருந்த கோலைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். தெருவில் ஜன்னலைப் பார்க்கும் அதே பார்வை. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, பாவம், மனிதர் நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன்.

இடைவேளை விசில் ஊதியது. பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். மைக்கும் கையுமாக இருந்த என்னை இழுத்துக்கொண்டு லாஹா கால்வாய்ப் பக்கம் போய், பையிலிருந்து டேப்பை உருவினார்.

"அந்த நுனியைத் தரையில வை."

"டேப்பா? பவோதா, இங்கேயா? ஜனங்க பாத்தா கிழிச்சுடுவாங்க."

"வைடா."

நான் குனிந்து வைத்தேன். அவர் இரும்பு டேப்பை நிமிர்த்திப் பாரின் அடிவிளிம்பு வரை ஏற்றினார். கேலரியில் யாரோ பார்த்துவிட்டான். "ஏய்! அளக்கிறான்டா! இடைவேளையிலயே பிளான் போடறான்!"

"ஏழடி ஒன்பது" என்றார் லாஹா. நடுவில் அளந்தார், ஏழடி ஒன்பது. மறு ஓரத்தில் அளந்தார், அதேதான். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எட்டடி இருக்கணும் ஷிபு. மூணு அங்குலம் தின்னுடுச்சு. நான் அனுப்பின ஜல்லி."

நான் இரண்டு கோலையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு புத்தி வேலை செய்தது. இரண்டாம் பாதியில் இந்த கோலைக் காக்கப்போவது நாங்கள். டிரா ஆனால் போதும். மூன்று அங்குலம் குறைந்த கோலில் அடிக்கப்போவது உல்டாடாங்கா.

"பவோதா, டேப்பை உள்ளே போடுங்க" என்றேன். "நம்ம லக்கிராம் அடிச்சது இதாலதானே போச்சு? அடுத்த பாதியில அவனுங்களுக்கும் போகட்டும். சரிக்குச் சரி."

"சரிக்குச் சரியா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வா, சான்யால் கிட்ட போய்ச் சொல்லிட்டு ஆடலாம்."

நான் கேலரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொல்ல முடியாதுல்ல? அப்புறம் என்னடா சரிக்குச் சரி?"

"அறுபத்திரண்டு வருஷம் பவோதா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் அப்பா இந்தக் கிளப் மேலே போவதைப் பார்க்க ஆசைப்பட்டே செத்தார். "நாற்பத்தஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு இருங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "முப்பத்தொரு வீடு கட்டியிருக்கேன். ஒவ்வொருத்தனும் குடிவர்ற அன்னிக்கு டேப்போட வந்து நிக்கிறான். எவன் முன்னாடியும் நான் தலை குனிஞ்சதில்ல, ஏன்னா அளவு சரியா இருந்துச்சு. இப்ப என் சொந்த மைதானத்துல குனியச் சொல்றியா? மைக்கைக் கொடு."

முப்பது வருஷத்தில் அந்த மைக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க" என்று லாஹாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மேடைப் பேச்சு தெரியாத மனிதர், கட்டடத்தின் கீழே நின்று மேல்மாடிக்குக் கத்துவதுபோலக் கத்தினார். "கால்வாய்ப் பக்க கோல் மூணு அங்குலம் குட்டை. மண்ணை அனுப்பினவன் நான். தப்பு என்னோடது. நடுவர் ஐயா வந்து அளந்து பாக்கணும்."

எங்கள் கேலரியிலிருந்தே திட்டு ஆரம்பித்தது. "அட மடையா! உன்னை யாருடா கேட்டா?" "கிளப்பையே இடிச்சுட்டான்டா!" ஒரு பொரிப் பொட்டலம் பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிக்கூட விடவில்லை.

நடுவர் ஓடி வந்தார். அவருக்கு முன்னால் குடையோடு சான்யால் மாஸ்டர் வந்துவிட்டார். "இந்த ஆளோட டேப்பை நான் நம்ப மாட்டேன்" என்றபடி ஜிப்பா பையிலிருந்து தன் துணி டேப்பை எடுத்தார். பால்கனியை அளந்த அதே டேப். நுனியை என் கையில் திணித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எட்டி அளந்தார். ஏழடி ஒன்பது. லாஹாவின் டேப்பை வாங்கி மறுபடி அளந்தார். ஏழடி ஒன்பது. இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கோடுகளை இன்னொரு தடவை எண்ணினார்.

"கோல் எட்டடி இல்லேன்னா நான் ஆட்டத்தை நடத்த முடியாது" என்றார் நடுவர். "இடைவேளை முடிய பன்னெண்டு நிமிஷம் இருக்கு. கூட அஞ்சு தரேன். அதுக்குள்ள சரி பண்ணலேன்னா ஆட்டம் ரத்து. தப்பு உள்ளூர்க் கிளப்போடது, புள்ளி உல்டாடாங்காவுக்கு." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "முதல் பாதியைப் பத்தி ஆட்சேபம் எழுதித் தர்றதுன்னா இப்பவே தரலாம்."

மாஸ்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், ஆட்டமே அவர்களுடையது. உல்டாடாங்கா ஆட்கள் "எழுதுங்க மாஸ்டர் மஷாய், எழுதுங்க" என்று பின்னாலிருந்து நச்சரித்தார்கள். அவர் லாஹாவின் தோளில் ஒட்டியிருந்த பொரியைப் பார்த்தார்.

"முதல் பாதியில குட்டை கோல் காப்பாத்தினது எங்களை" என்றார். "பொய்க் கணக்கு எழுத எனக்கு வராது. அளந்து கொடுக்கட்டும், ஆடறோம்."

பதினேழு நிமிஷம். யாரோ "பாரைத் தூக்கி மூணு அங்குலம் மேலே மாட்டிடலாம்" என்றான். எங்கள் கேப்டன் சாக்கடையில் விழுந்தவன்போல அலறினான். "பூஜை போட்ட பார்! யாராவது தொட்டீங்கன்னா நான் இப்பவே ஜெர்சியைக் கழட்டிடுவேன்!" திட்டிக்கொண்டிருந்த கேலரி முழுக்க இந்த ஒரு விஷயத்தில் கேப்டன் பக்கம்.

லாஹா தரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "முப்பதடி அகலம், பதினெட்டடி ஆழம், மூணு அங்குலம். நூத்தி முப்பத்தஞ்சு கன அடி." பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினார். "நஸிபுல்! கடப்பாரை, மண்வெட்டி, சட்டி! கான்கிரீட் போடற மாதிரி வரிசை கட்டு!"

நாற்பது பேரும் சுவரிலிருந்து குதித்தார்கள். கட்டடத்திலிருந்து சாமான்கள் சுவர் மேலாகவே வந்து விழுந்தன. பத்து பேர் கடப்பாரையால் பெயர்த்தார்கள், பத்து பேர் அள்ளினார்கள், மீதிப்பேர் கோலிலிருந்து கால்வாய்க்கரை வரை வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். தளம் போடும் நாளில் எழுப்பும் அதே கூச்சலை எழுப்பினார்கள். "ஹேய்யோ! ஹேய்யோ!" தீனபந்து தான் பதித்த புல்லைத் தானே பிய்த்துக்கொண்டு அழுதான். லாஹா வெள்ளைச் சட்டையோடு சேற்றில் முட்டி போட்டு, கையில் மண்வெட்டியோடு வெட்டினார். பதினான்கு வயதில் கற்ற வெட்டு, கொஞ்சமும் மறக்கவில்லை. "கொத்தாதே! சீவு! ரசமட்டம் எங்கே?" என்று நஸிபுலைத் திட்டினார்.

கேலரி முதலில் வேடிக்கை பார்த்தது. ஐந்தாவது நிமிஷம் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான், "ஹேய்யோ!" பிறகு பத்து பேர். பிறகு ஆயிரம் பேர். சற்று முன் பொரி எறிந்தவனே செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றான். நான் மைக்கில் நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, மைக்கில் கேட்டிருக்கும்.

பதினாறாவது நிமிஷம் லாஹா எழுந்தார். உடம்பெல்லாம் சேறு. "மாஸ்டர் மஷாய், உங்க டேப்பாலயே பாருங்க."

மாஸ்டர் அளந்தார். வலது ஓரம், நடு, இடது ஓரம். மெதுவாக, கரும்பலகை முன்னால் நிற்கிற நிதானத்தில். பிறகு நடுவரிடம், "எட்டு. எட்டு. எட்டு" என்றார்.

ஆட்டம் தொடங்கியது.

விதி என்ன செய்தது தெரியுமா? அறுபத்தொன்பதாவது நிமிஷம் உல்டாடாங்கா பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். எங்கள் கோல்கீப்பர் எம்பினான், விரல் நுனிக்கு எட்டவில்லை. பந்து பாரின் அடிவிளிம்பை உரசிக்கொண்டு உள்ளே போனது. விரலுக்கும் பந்துக்கும் நடுவே, அளவெடுத்தது போல அந்த மூன்று அங்குலம். மண்ணை எடுக்காமல் இருந்திருந்தால் அவன் மூன்று அங்குலம் உயரத்தில் நின்று தட்டிவிட்டிருப்பான். மைதானத்தில் இருந்த ஒவ்வொருவனுக்கும் அது தெரிந்தது.

யாரும் லாஹாவைத் திட்டவில்லை. அதுதான் திட்டைவிட மோசமாக இருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, சேறு காய்ந்த கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு, அந்த கோலையே பார்த்தார். நான் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். கோபம் தலைக்கேறியிருந்தது. "இப்ப திருப்திதானே?"

"எட்டடிக்குள்ளதான் போச்சு" என்றார். "நல்ல கோல்."

நான் திரும்பி வந்து மைக்கைப் போட்டேன்.

எண்பதாவது நிமிஷம் சுவர் மேலிருந்து நஸிபுல் ஆரம்பித்தான். "ஹேய்யோ!" நாற்பது பேரும் சேர்ந்தார்கள். கேலரி சேர்ந்தது. எங்கள் பையன்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் "ஹேய்யோ!", விட்டால் மூச்சு, தொட்டால் மறுபடி "ஹேய்யோ!" கடப்பாரை போடுகிற தாளத்தில் மைதானமே அதிர்ந்தது. உல்டாடாங்காக்காரர்கள் பின்னுக்குப் போய்ப் பதினோரு பேரும் கோல் வாயில் குவிந்தார்கள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம் கார்னர். பந்து சுழன்று வந்தது. லக்கிராம் எம்பினான், முதல் பாதியில் எம்பிய அதே எம்பு, அதே உயரம், தலையால் அதே அடி. ரயில் பக்கத்து கோல் முழுசாக எட்டடி. பந்து பாருக்குக் கீழே, கணக்காக மூன்று அங்குலம் விட்டு, வலையில் போய் அடித்தது.

மைக்கில் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மாணிக்தலா மார்க்கெட் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மீதி நிமிஷங்கள் எப்படிப் போயின என்றும் தெரியாது. விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. அறுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பாக்மாரி யுவக் சங்கம் மேல் டிவிஷனுக்குப் போனது. நான் என் அப்பாவை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நஸிபுலும் ஆட்களும் லாஹாவைத் தூக்கிவிட்டார்கள். அவர் "விடுங்கடா, விழுந்துடுவேன்டா" என்று கத்தக் கத்த, தோளில் வைத்து மைதானத்தைச் சுற்றினார்கள். சட்டைப் பையிலிருந்து டேப் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்துத் துடைத்தவர் சான்யால் மாஸ்டர். கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்து நீட்டினார்.

"லாஹா, உங்க சாமான்."

"தோத்தது நீங்க, மாஸ்டர் மஷாய். கோபம் இல்லையா?"

"இருக்கு. நிறைய இருக்கு" என்றார் மாஸ்டர். "ஆனா உங்களைத் திருடன்னு சொல்ல இனி எனக்கு வாய் இல்ல. அந்த வருத்தம்தான் பெரிசா இருக்கு."

லாஹா தோளில் உட்கார்ந்தபடியே விசும்பினார். ஊரே பார்த்தது. பார்க்கட்டும், அன்று அழாதவன் யார்?

அடுத்த பைசாக் முதல் தேதி பார் பூஜைக்கு அதுவரை வராத கூட்டம். ஸ்டூல்களின் மேல் பாரைப் படுக்க வைத்ததும், கேப்டன் லாஹாவின் பையிலிருந்து டேப்பை எடுத்து பாருக்குப் பக்கத்தில் வைத்தான். புரோகிதர் கொஞ்சம் முழித்தார், பிறகு அதற்கும் சிந்தூரம் வைத்தார். சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த சான்யால் மாஸ்டர் ஒரு சாமந்திப் பூவைக் கிள்ளி அதன் மேல் போட்டார்.

பாரை மாட்டியதும் கேலரியிலிருந்து, முன்பு லிஃப்டைப் பற்றிக் கேட்ட அதே குரல் கத்தியது. "பவோதா, அளந்துடுங்க!"

லாஹா டேப்பை எடுத்தார். தரையில் நுனியைப் பிடிக்க மாஸ்டர் குனிந்தார். டேப் பாரின் அடிவிளிம்பைத் தொட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்பே மூவாயிரம் தொண்டைகள் கத்தின.

"எட்டு!"

குனிந்திருந்த மாஸ்டர் நிமிராமலே முணுமுணுத்தது லாஹாவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. "எல்லாம் சரி. என் பால்கனி நாலு அங்குலம்?"

"பூச்சு, மாஸ்டர் மஷாய்" என்றார் லாஹா. "பூச்சு."